ஆள் கிடைக்காத வேஷம்

“சொந்த மகன வெரட்டிட்டு, ஊரான் புள்ளைய மேடையில கட்டிப்புடிச்சு அழப்போறாராக்கும் அண்ணன்” என்றாள் அடுத்த வீட்டு இருளாயி.

ஞானப்பூவுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு திருப்தி. லயத்து வீடுகளுக்கெல்லாம் தெரிந்த நியாயத்தைத்தானே சொல்கிறாள்.

தவக்காலத்துக்காகத் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் பாட்டு நாடகம். பைபிளில் வரும் ஊதாரி மகன் கதை. சொத்தைப் பிரித்து வாங்கிப் போய் அழித்துவிட்டுக் கந்தலோடு திரும்பும் இளைய மகனை, ஓடிப்போய் அணைக்கும் அப்பன் வேஷம் அவள் புருஷன் சவரிமுத்துவுக்கு; நாடகத்தை நடத்துவதும் அவர்தான். மகன் வேஷம் தேயிலை ஸ்டோரில் வேலை செய்யும் ஸ்ரீதரனுக்கு.

அவள் பெற்ற மகன் ஜெயசீலன், கொடகவெலப் பக்கத்துச் சிங்களப் பெண் ஒருத்தியைக் கட்டிக் கூட்டிவந்து நின்ற அன்று, “இந்த வாசல்ல நிக்காத, போயிரு” என்று சொன்னது இதே சவரிமுத்துதான். நாலு வருஷமாயிற்று. வீட்டில் மகன் பேரையே எடுப்பதில்லை மனுஷன். மலையில் கொழுந்து எடுக்கும்போதும், பீலியில் தண்ணி பிடிக்கும்போதும் ஞானப்பூ அதைச் சொல்லிச் சொல்லி அழுவாள். ஜெபத்திலும் அது ஒன்றுதான்: ஆண்டவரே, என் பிள்ளையை மட்டும் கொண்டுவந்து விடும்.

போதாததுக்கு, நாடகத்துக்குத் துணி எடுக்கிறேன் என்று ஞாயிறு தவறாமல் பஸ் ஏறிப் போய்விடுகிறார். வெறுங்கையோடு திரும்பி வருவார்.

“கதையில ஒரு அண்ணங்காரனும் இருக்கான்னியே மதினி?” மண்டபத்துப் பெஞ்சில் இடம் பிடித்துக்கொண்டே கேட்டாள் இருளாயி.

“இருக்கான். தம்பி வந்ததுக்கு விருந்து நடக்கிறப்ப, கோவிச்சுக்கிட்டு வாசலுக்கு வெளிய நிப்பான். அப்பன் வெளிய வந்து கெஞ்சுவாரு. அந்த வேஷத்துக்கு ஆளு கெடைக்கலன்னு இவரு அதயே கதையில இருந்து எடுத்துட்டாராம்.”

“கெஞ்சுனதும் உள்ள போனானா?”

“அது பைபிள்ல இல்ல.”

நாடகம் தொடங்கியது. மன்னிப்பைப் பற்றிச் சவரிமுத்து பாடப் பாட, மண்டபத்தில் பாதிப்பேர் மூக்கை உறிஞ்சினார்கள். ஞானப்பூவும் அழுதாள். பாட்டு மட்டும் நல்லாத்தான் வருது என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே அழுதாள்.

பின்வாசல் வழியாக, தலையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு ஊதாரி மகன் கூட்டத்துக்குள் நடந்து வந்தான். சவரிமுத்து மேடையிலிருந்து குதித்து ஓடிப்போய் அவனை அணைத்தார். சாக்கு கீழே விழுந்தது.

அது ஸ்ரீதரன் இல்லை. ஸ்ரீதரன் தபேலாவுக்குப் பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“மதினி, ஒன் மவன்” என்று இருளாயி அவள் கையைப் பிடித்து அழுத்தினாள்.

சவரிமுத்து பாட்டை மறந்துவிட்டுக் கேவினார். ஆர்மோனியம் தனியாகப் போய்க்கொண்டிருந்தது. துணி எடுக்கப் போனதெல்லாம் இதற்குத்தானா? ஞானப்பூ கையை நீட்டிக்கொண்டு எழுந்தாள்.

அப்போதுதான் மகனுக்குப் பின்னால், இடுப்பில் குழந்தையோடு வந்தவளைப் பார்த்தாள்.

“அம்மே” என்று சிங்களத்தில் அழைத்தபடி அவள் குனிந்து ஞானப்பூவின் காலைத் தொடப் போனாள்.

ஞானப்பூ காலை இழுத்துக்கொண்டாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு விறுவிறுவென்று வெளியே வந்து தூறலில் நின்றாள்.

கொஞ்ச நேரத்தில் சவரிமுத்து வந்தார். ஒட்டுத்தாடி ஒரு பக்கம் தொங்கியது.

“உள்ள வா, ஞானம்.”

“அவ இருக்கிற எடத்துக்கு நான் வரமாட்டேன். அன்னைக்குச் சொன்னதுதான்.”

உள்ளே ஆர்மோனியம் நின்றுவிட்டது. குழந்தை சிணுங்குவது கேட்டது.

“அன்னைக்கு நீ, அவ உள்ள வந்தா குடிச்சிருவேன்னு கதவுக்குப் பின்னால பூச்சி மருந்துப் போத்தலோட நின்ன. அதுக்குப் பயந்துதான் அவன போகச் சொன்னேன். பரவாயில்ல, என்னையே ஊரு பேசட்டும்னு இருந்துட்டேன்” என்றார் சவரிமுத்து.

தாடியைப் பிய்த்துக் கையில் வைத்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் சொன்னார்:

“மூத்தவன் வேஷத்துக்கு ஆளு கெடைக்காம இல்ல, ஞானம். ஒன்ன மேடையில வச்சுக் காட்ட எனக்கு மனசு வரல.”