பெரியவருக்கு ஒரு சைக்கிள்

"இரும்பு சைக்கிள்னா இருபத்தாறு இஞ்ச் சக்கரமே போதும்க்கா. செம்மண்ணு, வயல் வரப்பு ரெண்டுலயும் ஓடும்," என்றார் கோல சிலாங்கூர் சைக்கிள் கடைக்காரர் முகுந்தன்.

"தோட்டத்துல செம்பனை மர முள்ளு குத்துமே தம்பி?"

"அப்ப அகல டயரா போடுவோம் லா. யாரு ஓட்டப் போறா, உங்க வீட்டுக்காரரா?"

"இல்ல, எங்க தோட்டத்துப் பெரியவரு. தோட்டம் பூரா காவல் சுத்துறவரு."

மகள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, புது வண்டி வாங்கித் தருவதாக அவரிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். இப்போது அவள் எழுந்து நடக்கிறாள். வாக்கு பாக்கி நிற்பதால் எனக்குத்தான் மூன்று வாரமாகச் சோறு இறங்கவில்லை.

"சைஸ் தப்பாப் போனா அவரு கோவம் எம் மவ மேல திரும்பிடும் தம்பி."



"பயப்படாதீங்கக்கா. ஆளு எவ்வளவு உயரம்?"

"பன்னிரண்டு அடி."

முகுந்தன் அளவு நாடாவைக் கீழே வைத்தார்.

"முனியாண்டி சாமிக்கா?"

"ஆமா. கோயில்ல அவரு ஏறிச் சுத்துற குதிரைச் சிலைக்குக் கால் உடைஞ்சு போச்சு."

செருப்பைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடி வெகுநேரம் யோசித்தார் முகுந்தன்.

"இருபத்தொன்பது இஞ்ச் சக்கரம் போட்டுத் தரேன்க்கா. முட்டி இடிச்சுதுன்னா, பாப்பா மேல கோவிக்காம நேரா கடைக்கு வரச் சொல்லுங்க லா. சீட்டை ஏத்திக் குடுக்குறேன்."