சன்னலோரம் கேட்ட குரல்

நிதர்சன் பால் காய்ச்சினான், மகள் மிதுலாவுக்குச் சடை பின்னினான், பள்ளிக்கு அழைத்துப்போனான். பனியன் கம்பெனியும் மாவட்டக் கல்வித்துறையும் சேர்ந்து நடத்தும் பள்ளி அது. அங்கே டீச்சராக இருந்த அவன் மனைவி சம்யுக்தா இறந்து எட்டு மாதமாகியும், கம்பெனி பதிவு செய்து கணினிக்குப் பழக்கியிருந்த அவள் குரல்தான் பாடம் நடத்தியது, பிள்ளைகளோடு பேசியது. தினமும் சன்னலோரம் நின்று கேட்பான்.

அன்று மேனேஜர் படிவத்தை நீட்டினார். "படிச்சு முடிச்சதும் பாப்பா பத்து வருசம் நம்ம கம்பெனியிலதான் வேலை பாக்கோணுமுங்க. கையெழுத்து இல்லாட்டி நாளைக்கு உள்ள விட முடியாதுங்க."

"போடுங்கப்பா, நேத்து கிளாஸ்ல அம்மாவே போடச் சொல்லிட்டாங்க," என்றாள் மிதுலா.

உள்ளே அந்தக் குரல் பிள்ளைகளின் பெயரைக் கூப்பிடத் தொடங்கியது. அவன் கையெழுத்துப் போட்டான்.

ஆஸ்பத்திரியில் சம்யுக்தா நிஜமாகவே கடைசியாகச் சொன்னது: "ஏனுங்க, நம்ம புள்ளைய மட்டும் அந்த ஸ்கூல்ல சேத்திராதீங்க."