எதுவும் ஒத்துக்காத உடம்பு

“தானமா கிடைச்ச நுரையீரல் வந்து பத்து மணி நேரமாச்சு டாக்டர்! பெட்டியிலயே வெச்சிருந்தா கெட்டுப்போகாதா?” என்று குதித்தார் கணவர்.

“கெடாது சார். முன்னெல்லாம் நேரமே இருக்காது. இப்ப பக்குவமான குளிர்ல வெச்சுட்டு, உங்க மனைவிக்குச் சேருமான்னு நிதானமா டெஸ்ட் பண்ண முடியுது.”

“முன்னாடி வந்த மூணும் சேரலையே! இவ பொறந்த வீட்டு ரத்தமே அப்படி. யாரோடயும் ஒத்துப்போகாது. முப்பது வருஷமா நான்தான் அனுசரிச்சுப் போறேன்.”

கட்டிலில் கிடந்த மனைவி, ஆக்சிஜன் முகமூடிக்குள் கண்ணை மூடிக்கொண்டாள்.

“இது பொறந்த வீட்டுல வந்ததில்ல சார். கர்ப்பத்துல, குழந்தைகிட்ட இருக்கிற அப்பாவோட அம்சம் அம்மா ரத்தத்துல கலக்கும். சில உடம்பு அதை எதிரியா ஞாபகம் வெச்சுக்கும். உங்களுக்கு எத்தனை குழந்தைங்க?”

“அஞ்சு!” என்று மீசையைத் தடவினார் கணவர்.

“அதான். போன வாரம் உங்க ரத்தத்தையும் எடுத்துப் பார்த்தோமே? திருப்பி அனுப்பின மூணு நுரையீரலும் வேற ஆளுங்களோடதுதான், ஆனா மூணுலயும் உங்ககிட்ட இருக்கிற அதே அம்சம் இருந்தது.”

கணவரின் கை மீசையிலிருந்து இறங்கியது. “அப்ப இது?”

“உங்க அம்சம் துளிகூட இல்ல. கச்சிதமாப் பொருந்துது.”

ஆறு மாதமாக மூச்சுவிடவே திணறிய மனைவி, முகமூடி முழுக்க ஆவி படியும்படி சிரித்தாள்.