மூன்றாம் தண்ணீர்

பையை நேற்றே கட்டி வைத்துவிட்டான் சசிதரன். தெருக்காரர்கள் போகச் சொல்வதற்கு முன்னால் நாமே கிளம்பிவிட்டால் கொஞ்சம் மரியாதையாவது மிஞ்சும்.

வீட்டுக்கார அம்மாள் அஞ்சுகம், வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் காயவைத்த அண்டாத் தண்ணீரை அவன் தலையில் ஊற்றிக்கொண்டிருந்தாள். மூன்றாம் தண்ணீர். அம்மைக்கு ஊற்றுகிற கடைசித் தண்ணீர். முத்துகள் பொருக்குத் தட்டிவிட்டன. ஆள்தான் பாதியாகிவிட்டான்.

சசிதரன் மாஹேக்காரன். மீன்வளத்துறையில், எந்தப் படகில் எத்தனை கிலோ வந்தது என்று எழுதுகிற வேலை. புதுச்சேரி அரசாங்கத்துக்கு மாஹேயும் ஒன்றுதான், காரைக்காலும் ஒன்றுதான். ஒரே ஒரு காகிதத்தில் அவனை மேற்குக் கடலிலிருந்து தூக்கிக் கிழக்குக் கடலில் போட்டுவிட்டது.

திருவேட்டக்குடி மீனவர் தெருவில், அஞ்சுகத்தின் முன்னறைக்குக் குடிவந்து எட்டு மாதம்தான் ஆகிறது. அதற்குள் இந்தக் கூத்து.

கோட்டுச்சேரி டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, அறையைவிட்டு நகரக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். ஊருக்குப் போகவும் வழியில்லை. அம்மையோடு யார் ரயிலில் ஏற்றுவார்கள்?

காய்ச்சல் ஏறியபோது, அம்மாவின் பெரியப்பா கதை ஞாபகம் வந்தது. அந்தக் காலத்துப் பெரியம்மை. வயல் நடுவே குடிசை போட்டு அவரைக் கிடத்தியிருக்கிறார்கள். எட்ட நின்று கஞ்சியை வைத்துவிட்டு ஓடிவந்துவிடுவார்களாம். ஆள் செத்ததே மூன்று நாள் கழித்துத்தான் தெரிந்ததாம்.

படுத்துக் கிடப்பவனுக்கு ஞாபகம் வர வேண்டிய கதையா அது?

ஆனால் பதினோரு நாளும் அவன் கண்முன் நடந்தது அதே கதைதான்.

"சார், எடுத்துக்கிட்டுப் போங்க" என்று வம்படியாகப் பைக்குள் மீனைத் திணித்த தெரு, அவன் பக்கம் திரும்பவே இல்லை. காலையில் வாசலில் இளநீர் இருக்கும். வைத்தவர் இருக்கமாட்டார். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால், குனிந்த தலையோடு நடையைக் கட்டிக்கொண்டிருப்பார். ஒருத்தர்கூட அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

நாலாம் நாள், எதிர்வீட்டு ஐயனார் மகள் கல்யாணத்துக்குப் போட்ட பந்தலைப் பிரித்தார்கள். மூங்கில்களை ஒவ்வொன்றாக, சத்தமே வராமல் மணலில் கிடத்தினார்கள்.

நமக்குப் பயந்து கல்யாணத்தையே வேறு ஊருக்குக் கொண்டுபோகிறார்கள் என்று நினைத்து, சசிதரன் போர்வைக்குள் அழுதான். இருபத்தாறு வயது ஆண்பிள்ளை அழுதான் என்று எழுத எனக்கொன்றும் கூச்சமில்லை.

இப்போது தலையைத் துவட்டிவிட்டு அஞ்சுகம் சொன்னாள்.

"வெளிய எல்லாரும் நிக்கிறாங்க."

அவ்வளவுதான், சொல்லப்போகிறார்கள். சசிதரன் பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தான்.

தெருவே நின்றுகொண்டிருந்தது.

வைகாசி வெயிலில் மணல் கொதித்தது. ஒருவர் காலிலும் செருப்பு இல்லை. கிழவர்களும் கைக்குழந்தைக்காரிகளும்கூட வெறுங்காலோடு, கால் மாற்றி மாற்றி நின்றார்கள்.

தன் வாசலில் மட்டும் செருகியிருக்கிறது என்று அவன் நினைத்திருந்த வேப்பிலைக் கொத்து, கடற்கரை வரைக்கும் எல்லா வாசலிலும் இருந்தது. ஒரு வீடு பாக்கியில்லை.

ஐயனாரின் மனைவி விசாலாட்சி முன்னால் வந்தாள். கையைக் கூப்பினாள். அவன் பாதத்துக்கு மேல் பார்வையை உயர்த்தவில்லை.

"தாயே, நீ எறங்கியிருக்கிற தெருவுல மேளம் கொட்டக் கூடாதுன்னு கல்யாணத்த நிறுத்தி வச்சிருக்கோம். மாப்பிள்ள துபாய் டிக்கெட்டத் தள்ளிப் போட்டுட்டு ஒக்காந்திருக்காரு. ஒனக்கு மனசு குளுந்துச்சா? நாளைக்கு வச்சிக்கலாமா?"

யாரிடம் கேட்கிறாள் என்று சசிதரன் திரும்பிப் பார்த்தான். பின்னால் அஞ்சுகம் மட்டும்தான் நின்றாள். அவளும் அவனைப் பார்த்துத்தான் கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"பதினோரு நாளா இந்தத் தெருவுல ஒரு வீட்லயும் மீன் வறுக்கலம்மா" என்றாள் அவள் மெல்ல.

சசிதரனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. விரட்டப்போகிறார்கள் என்று அவன் நடுங்கிக் கிடந்த அத்தனை நாளும், அவன் ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று இவர்கள் காத்திருந்திருக்கிறார்கள். முகத்தைப் பார்க்காமல் போனது அருவருப்பால் அல்ல. பார்க்கத் துணியாமல்.

 பையைக் கீழே வைத்துவிட்டுத் தலையை மட்டும் அசைத்தான்.

தெரு மொத்தமும் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு பெண் திருநீற்றுத் தட்டோடு வந்தாள். பாரதிப்ரியா, கல்யாணப்பெண். தட்டை நீட்டி, நெற்றியைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

சசிதரன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான். விரல் நுனிவரை பொருக்கு. அந்தக் கையை அவனே பார்க்கப் பிடிக்காமல் இத்தனை நாளும் போர்வைக்குள் வைத்திருந்தான்.

அவள் ஒரு அடி கிட்டே வந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

வேறு வழியில்லை. திருநீற்றைக் கிள்ளி எடுத்தான். எந்தத் தெய்வத்தை வேண்டிக்கொண்டு பூசுவது என்று அவனுக்குத் தெரியவில்லை.

நிமிர்ந்து, கொதிக்கிற மணலில் வெறுங்காலோடு நின்ற அத்தனை பேரையும் ஒருமுறை பார்த்தான். அவர்களை வேண்டிக்கொண்டு பூசினான்.