சரிவில் இரண்டு தடங்கள்

பனிமலையில் ஏறிச் சறுக்கப் பழகப்போகிறேன் என்று என் மகள் ஆர்த்திகா, இரண்டாகப் பிரியும் பனிப்பலகை ஒன்றையும் அதற்கான பூட்ஸையும் அதைப் பலகையோடு பூட்டும் பைண்டிங்கையும் வாடகைக்கு எடுத்தாள். ஞாயிறு காலை, லாசாலில் எங்கள் வீட்டுக்கு அருகே உள்ள பூங்கா மேட்டில் அவற்றைப் போட்டுப் பார்க்கப் போனாள். கூட எவனாவது வருவான் என்ற சந்தேகத்தில் நானும் போனேன். எங்கள் குடும்பத்தில் இதுவரை எவரும் பெயரைக் கெடுத்ததில்லை.

புதுப்பனியில் ஒரு தடமும் இல்லை. பிரித்த பலகைகளை இரு கால்களிலும் பூட்டி, இரண்டு மெல்லிய கோடுகளை இழுத்தபடி ஏறி மரங்களுக்குள் மறைந்தாள். பிறகு பலகைகளை ஒன்றாகப் பொருத்திக்கொண்டு தனியே சறுக்கி இறங்கினாள். ஒற்றைத் தடம் இருக்க வேண்டிய சரிவில் இரண்டு அகலமான தடங்கள் இருந்தன.

“ஆரடி அவன்?”

“இஞ்சயும் தொடங்கிட்டீங்களே அப்பா? ஒருத்தரும் இல்லை.”

நான் கையை நீட்டிக் காட்டினேன். திரும்பிப் பார்த்தவளின் சிரிப்பு நின்றது.

“நான் ஒருக்காத்தான் இறங்கினனான்.”

இரண்டாவது தடம் அவளுடைய பூட்ஸுக்குப் பக்கத்தில் வந்து முடிந்திருந்தது. அங்கிருந்து யாரும் நடந்து போன அடையாளம் இல்லை. ஆர்த்திகா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நான் மரங்களைப் பார்த்துக் குரல் கொடுத்தேன்.

“தம்பி, வெளியில வாரும். நான் ஒண்டும் சொல்லமாட்டன்.”