முடிந்த வேலைக்கு மானியம் கிடையாது

"நிஜத்தைச் சொல்லுங்க. அதைத் தொட்டீங்களா?"

"எதை?" என்றார் திருப்புளி, இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்கிற முகத்தோடு.

"எதையா? அந்தக் கையைத்தான்!"

"சேச்சே! நீ அவ்வளவு சொன்னதுக்கு அப்புறமும் தொடுவேனா?"

மனைவி அவரை உற்றுப் பார்த்தாள். பிறகு பெரிதாக மூச்சுவிட்டு, பட்டறையின் ஷட்டரைத் தூக்கினாள்.

சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு திருப்புளி குத்தி நிற்பதால் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது. தொழிற்சாலைகளுக்குத் தானாக ஓடும் மிஷின்கள் செய்து தருவது அவர்கள் தொழில். இரும்பு அவர் பொறுப்பு. அந்த இரும்புக்குப் புத்தி சொல்லும் புரோகிராம் அவள் பொறுப்பு. வீட்டிலும் ஏறக்குறைய அதே ஏற்பாடுதான்.

இருவரும் சேர்ந்து ஓர் இயந்திரக் கை செய்திருந்தார்கள். மெல்லிய கண்ணாடி மருந்துக் குப்பிகளை அது எடுத்துப் பெட்டியில் அடுக்க வேண்டும். எடுக்கும். ஆனால் பாதி வழியில் நழுவ விட்டுவிடும்.

அதைச் சரிசெய்யக் கையில் காசில்லை. புதுக் கண்டுபிடிப்புகளுக்கு அரசாங்கம் தரும் மானியம் ஒன்றுதான் வழி. அது கிடைக்காவிட்டால் கையைக் கழற்றி எடைக்குப் போட்டுவிட்டு, பழையபடி ஊரார் மிஷினுக்கு எண்ணெய் போட்டுப் பிழைக்க வேண்டியதுதான். இன்று நிபுணர் ஒருவர் நேரில் பார்க்க வருகிறார். மானியக்காரர்களின் விதி கொஞ்சம் வேடிக்கையானது. தீராத பிரச்சினைக்குத்தான் பணம். தீர்ந்துபோன பிரச்சினைக்குச் சல்லிக்காசு கிடையாது.

"அவங்க வந்துட்டுப் போற வரைக்கும் அது பக்கமே போகாதீங்க. முடிஞ்ச வேலைக்கு மானியம் கிடையாது" என்று மனைவி வாரம் முழுக்கப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. நேற்று மாலை அவள் கடைக்குப் போன நேரம் பார்த்துத் திருப்புளிக்குக் கை அரித்தது. விரல்களில் இருந்த வழவழப்பான ரப்பரைப் பிய்த்துவிட்டு, தடிமனான மெத்து ரப்பரை ஒட்டி ஓட்டிப் பார்த்தார். ஒரு குப்பிகூட நழுவவில்லை! துள்ளிக் குதித்தவருக்கு அடுத்த நொடியே மானியம் நினைவுக்கு வந்தது. மிஷின் ஓடிவிட்டதே என்று கண்கலங்கிய மிஷின்காரர் உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார். திரும்பப் பழைய ரப்பரை ஒட்டலாம் என்றால் அது கந்தலாகக் கிழிந்து கிடந்தது.

நிபுணர் வந்தார். நரைத்த தலை, கறாரான பார்வை. மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்துக் கேட்டார்.

"பிரச்சினை இன்னும் தீரலைதானே?"

"ஓட்டியே காட்டிடுறோம் மேடம்" என்றாள் மனைவி.

திருப்புளி குறுக்கே வந்து நின்றார். மானியம் வேண்டும்தான். அதற்காகப் பொய் சொல்ல வாய் வரவில்லையே.

"மேடம், மன்னிச்சுக்கங்க. பிரச்சினை தீர்ந்துபோச்சு. நேத்து ஆர்வக்கோளாறுல நான்தான் விரலோட ரப்பரை மாத்திட்டேன். இப்ப நழுவவே மாட்டேங்குது. இவளுக்கு ஒண்ணும் தெரியாது. இவ மேல எந்தத் தப்பும் இல்லை."

மனைவியின் முகம் வெளுத்தது.

"ரப்பரை மாத்தினீங்களா? ஐயோ, அப்ப ஓட்டாதீங்க!"

மானியம் போகிறதே என்கிற பதற்றம், பாவம் என்று நினைத்துக்கொண்டார் திருப்புளி.

"பரவாயில்லை. ஓட்டுங்க, பார்ப்போம்" என்றார் நிபுணர்.

கை இறங்கியது. குப்பியைப் பிடித்தது. படக்! குப்பி தூள்தூளானது. அடுத்ததைப் பிடித்தது. அதுவும் படக்! வரிசையில் இருந்த ஒன்றைக்கூட அது விட்டுவைக்கவில்லை. திருப்புளி வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

"இதுதான் நீங்க தீர்த்து வச்ச லட்சணமா?" நிபுணர் முதல் முறையாகச் சிரித்தார். "ரப்பர் நல்ல யோசனைதான். ஆனா எவ்வளவு இறுக்கலாம்னு தொட்டவுடனே அந்தக் கைக்கே தெரியணும். அதுலதான் வேலையே பாக்கி இருக்கு. அதுக்குத்தான் மானியமும். தனக்கு நஷ்டம்னு தெரிஞ்சும் உண்மையைச் சொல்ற ஆளை நம்பிக் குடுக்கலாம். நான் பரிந்துரை பண்றேன்."

நிபுணரின் கார் தெருமுனையில் திரும்பும் வரை கும்பிட்ட கையை இறக்காமல் நின்றுவிட்டு, திருப்புளி உள்ளே வந்து ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"மானியம் கிடைச்சிடும், சரி. ஆனா நேத்து பூ மாதிரி புடிச்சுதே! ரப்பரைத் தவிர வேற எதையும் நான் தொடவே இல்லையே!"

மனைவி அவர் முகத்தைப் பார்க்காமல் குனிந்து கண்ணாடித் தூளைக் கூட்டினாள்.

"போன மாசம் மருந்துக் கம்பெனிக்காரங்க முன்னாடி அத்தனை குப்பியும் விழுந்தப்ப, நீங்க ரெண்டு நாள் சரியாச் சாப்பிடலை. அந்த முகத்தை இன்னொரு தடவை என்னால பார்க்க முடியாதுங்க. ஒண்ணு ரெண்டாவது விழாம நிக்கட்டுமேன்னு, காலைல நீங்க குளிக்கப் போனப்ப வீட்டுல இருந்தே புரோகிராமைத் திறந்து, கொஞ்சம் இறுக்கிப் புடின்னு நானும் மாத்தி வச்சுட்டேன்."