பச்சையாய் எரியும் வளையம்

"ரொம்பக் கொஞ்சாதடி பிலோமினா, மாட்டிக்குவ" என்று, குழந்தைகள் காப்பகத்தில் அவள் ஆயாவாகச் சேர்ந்த அன்றே மூத்த ஆயா சரோஜா தலையில் அடித்துக்கொண்டாள். பிலோமினா கேட்டால்தானே! குட்டி நறுமுகைக்குத் தயிர்சாதம் ஊட்டும்போது பாட்டு வேறு பாடினாள். மாதம் முடிவதற்குள், காப்பகத்தில் மாட்டிவிட்டிருந்த நறுமுகையின் கை வளையம் பச்சையாக எரிந்தது. பிள்ளை ஒட்டிக்கொண்டது என்று அர்த்தம். இனி சட்டப்படி அதற்கு ஐந்து வயதாகும்வரை அந்த ஆயா வேலையை விடவும் முடியாது, ஊரைத் தாண்டவும் முடியாது. எந்த பஸ்ஸிலும் ஏற்ற மாட்டார்கள்.

இன்று தூத்துக்குடியிலிருந்து பிலோமினாவின் நிறைமாத மகள் போனில் அழுதாள். "எம்மா, வலி எடுத்துட்டும்மா. எப்ப வருவ?"

வளையம் அணைந்தால் போகலாம். அதற்காகத்தான் இத்தனை நாளும் முகம் கொடுக்காமல் இருந்து பார்த்தாள். பிள்ளை முந்தானையை இன்னும் இறுக்கிப் பிடித்ததுதான் மிச்சம்.

பிலோமினா கண்ணை இறுக மூடிக்கொண்டு நறுமுகையின் கையில் நறுக்கென்று கிள்ளினாள்.

பிள்ளை வீறிட்டது. வளையம் பொசுக்கென்று அணைந்தது. பிலோமினா பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். சரோஜா ஓடிவந்து, "வாடி கண்ணு, என்கிட்ட வா" என்று கைகளை நீட்டினாள்.

நறுமுகை அந்தக் கைகளைத் தட்டிவிட்டு, தேம்பிக்கொண்டே பிலோமினாவின் காலைக் கட்டிக்கொண்டாள். கன்றிய கையை அவளிடமே தூக்கிக் காட்டினாள்.

"பிலோ, வலிக்குது. ஊது."

பிலோமினா பையைக் கீழே வைத்துவிட்டு, குனிந்து ஊதினாள். ஊத ஊத, வளையம் மறுபடியும் பச்சையாக எரியத் தொடங்கியது.